புல்லாங்குழலுக்குள் கத்திய ஆடு

ஒரு திங்கட்கிழமை காலை. மெல்பேர்னின் கோபர்க்கில் நான் வேலை செய்யும் காதுப் பரிசோதனைக் கிளினிக்கைத் திறந்து, கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். சில்வியோ உள்ளே வந்தார். முன்கூட்டிப் பதியவில்லை. காலை வணக்கமும் இல்லை. கோப்பிக் கடை டிஷ்யூவில் சுற்றிய எதையோ மேசையில் வைத்தார்.

பிரித்துப் பார்த்தேன். வெளியே தெரியாத அளவுக்குச் சின்னதான, அவருடைய இரண்டு ஹியரிங் எய்ட்களும் உள்ளே இருந்தன.

“இதை வைச்சிருங்கோ, சிஞோரா. சங்கீதத்தில விருப்பமில்லாத ஆர் எண்டாலும் வந்தால் குடுங்கோ.”

அவர் பேசியது இத்தாலிய வாசனை வீசும் ஆங்கிலம். ஆனால் என் ஞாபகத்தில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. ‘சிஞோரா’ மட்டும் அவருடைய சொல். நாங்கள் மரியாதையாக ‘அம்மா’ என்று கூப்பிடுவதுபோல.

“உங்களுக்குச் சங்கீதத்தில விருப்பமோ?” என்று உரத்துக் கேட்டேன்.

மூச்சு விடுவதில் விருப்பமா என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

“நான் இசையமைப்பாளன்” என்றார்.

எனக்கு அவரை ஒரு வருடமாகத் தெரியும். மனைவி அஞ்சலாவோடு முதல்முறை வந்தபோது, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் என்று மட்டும் சொல்லியிருந்தார். மனைவி பேசுவது விளங்க வேண்டும், ரீவியில் செய்தி கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றார். நானும் மனிதக் குரல் துலக்கமாகக் கேட்பதற்கென்றே கருவியைச் சரிசெய்து கொடுத்திருந்தேன். அஞ்சலா அன்று பக்கத்துக் கதிரையில் இருந்து ஏதோ சொல்ல வாயெடுத்ததும், சில்வியோ மனைவியின் முழங்காலைத் தட்டி நிறுத்தியதும் இப்போது ஞாபகம் வந்தது.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“காது கேளாத சமையல்காரன் வைச்சதைச் சாப்பிடுவினம். காது கேளாதவன் எழுதின சங்கீதத்தை ஆர் வாசிப்பினம்?”

இதை எழுதலாமா என்று போன மாதம் அவரிடமே கேட்டேன். “எல்லாத்தையும் எழுதுங்கோ. என்ர மூக்கைப் பற்றி மட்டும் ஒண்டும் வேண்டாம்” என்றார். ஆகவே மூக்கைப் பற்றி எழுதவில்லை.

மலையூர் பாண்ட்

அவர் பிறந்தது இத்தாலியில் அப்ருட்சோ என்ற மலைப்பக்கத்தில், ஒரு சின்ன ஊரில். அங்கே ஒபரா என்ற இசை நாடகத்துக்கு மண்டபம் கிடையாது. ஆனால் பாண்ட் வாத்தியக் குழு ஒன்று இருந்தது. தையல்காரர், ரொட்டி சுடுபவர், தபால்காரர் எல்லாரும் சேர்ந்த குழு. அந்தோனியார் திருவிழா வந்தால் சுரூபத்துக்கு முன்னால் ஊரைச் சுற்றி வாசித்துக்கொண்டு போவார்கள். மாலையில் சதுக்கத்தில் நின்று பெரிய பெரிய ஒபராக்களை முழுதாக வாசிப்பார்கள். பாடகி பாடவேண்டிய இடத்தை, ட்ரம்பெட்டுக்குத் தங்கைபோன்ற மிருதுவான ஒரு பித்தளைக் குழல் பாடும். அதை வாசித்தவர் சில்வியோவின் சித்தப்பா.

விடலைப் பருவத்தில் பெற்றோரோடு கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்தார். பிரன்ஸ்விக்கில் ஒரு வீட்டு வானொலியில், சித்தப்பா வாசித்த அதே பாட்டை ஒரு பெண் பாடக் கேட்டாராம்.

“இந்த மனிசி ஏன் குழலிட பாட்டைக் களவெடுத்துக் கத்துது எண்டு அம்மாட்டைக் கேட்டனான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒபரா என்பது மனிதர் பாடுவதற்காக எழுதப்படுவது என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

தகப்பனோடு துணி மில்லில் வேலை செய்தார். மாலையில் இசை படித்தார். பிறகு பள்ளிக்கூடங்களில் இசை ஆசிரியர். விடியற்காலையில், அஞ்சலா எழும்ப முதல், குசினி மேசையில் இருந்து எழுதுவார். பக்கத்தில் பியானோ இருக்காது. பென்சிலும் அழிறப்பரும்தான். மனதுக்குள் கேட்பதை அப்படியே எழுதுவது அவர் பழக்கம்.

தந்தி வாத்தியங்களுக்கு நிறைய எழுதினார். தேவாலயங்களுக்குப் பாட்டுகள் எழுதினார். ஒரேயொரு ஒபராவும் எழுதினார். அது ஒரு தேவாலய மண்டபத்தில் அரங்கேறிய அன்று தகரக் கூரையில் மழை கொட்டி, பின்பாதி ஒருவருக்கும் கேட்கவில்லை.

“மழை என்னைவிட நல்லா எழுதியிருந்தது” என்பார் அதைப் பற்றி.

பெரிய பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் வடக்கு மெல்பேர்ன் பக்கத்து இசைக்குழுக்களில் அவரைத் தெரியாதவர் இல்லை. இந்தத் தடவை அப்படியொரு குழு, அவரைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று எழுதித் தரக் கேட்டிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த அழைப்பு.

ஒத்திகையில் நடந்தது

அவர் எழுதியது திருவிழா நாளின் விடியலைப் பற்றி. வயலின்கள், பாடகர் குழு, ஒரு புல்லாங்குழல். கடைசிப் பகுதியில் எல்லா வாத்தியமும் ஓய்ந்துவிடும். புல்லாங்குழல் மட்டும் மேலே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே, ஊர் சோம்பல் முறித்து எழும்புவதுபோலப் பாடகர்கள் ஒவ்வொருவராக நுழைய வேண்டும்.

புல்லாங்குழல் வாசித்தவர் ஹனா. முப்பது தாண்டிய பெண். பகலில் பிரெஸ்டனில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் இசை. அன்று ஒத்திகையில் அந்த நீண்ட சுரத்தை அவர் எடுத்ததும், முன்வரிசையில் இருந்த சில்வியோ கையை உயர்த்தியிருக்கிறார்.

“நிப்பாட்டுங்கோ. சுரம் நடுங்குது.”

மறுபடி வாசித்தார். மறுபடியும் நிறுத்தினார். அடுத்த தடவை எழும்பியே விட்டார்.

“ஆடு கத்துற மாதிரிக் கிடக்கு! ஒரு நேர்கோடு போடத் தெரியாதோ உனக்கு?”

ஹனா புல்லாங்குழலைத் துடைத்தார், மூன்றாகக் கழற்றினார், பெட்டியில் வைத்தார், போய்விட்டார். வீட்டுக்குத் திரும்பிய சில்வியோ, உலகத்தில் உள்ள எந்தப் புல்லாங்குழலும் இனித் தனக்கு வேண்டாம் என்றிருக்கிறார். பிறகு அஞ்சலா ரேடியோவைப் போட்டிருக்கிறார். அதில் வந்த புல்லாங்குழலும் ஆடுபோலவே கத்தியது.

அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. தன் காது சுரங்களையே கோணலாக்கிக் காட்டுகிறது என்று முடிவுகட்டிவிட்டார். நிகழ்ச்சியை நிறுத்தும்படி குழுவிடம் சொல்லப்போவதாக அன்று என் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்கோ. ஆருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

தேருக்கு வந்த விருந்தாளி

சென்ற வாரம் இந்தப் பத்தியில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பாட வராது என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் தம்பி டூங்கபியில் இருந்து போன் எடுத்துச் சண்டை பிடித்தான். தான் சிட்னியில் குளிக்கும்போது நன்றாகப் பாடுவானாம். அவனுடைய மனைவி பின்னால் இருந்து என் பக்கம் பேசினாள்.

எனக்கு ஓசை என்பது கணினித் திரையில் வளைந்து போகும் கோடு. அதை ஏற்றவும் இறக்கவும் தெரியும். ரசிப்பவர் என் கணவர் சிவம். ரயில் தண்டவாளப் பொறியியலாளர். ஓய்வு நாளில் கேரம் டவுன்ஸ் கோயில் சமையற்கட்டில் சாம்பார் கிண்டுவார். பெயர் சொல்லாமல், இப்படி ஒருவர் என்று அவரிடம் சொன்னேன்.

“தேருக்கு யாழ்ப்பாணத்தில இருந்து நாதஸ்வரக்காரர் வந்து நிக்கினம்” என்றார் சிவம். “அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வாருமன். அதைக் கேக்க ஒரு மெஷினும் தேவையில்லை.”

தேரன்று நல்ல வெயில். சில்வியோ கழுத்துப்பட்டி கட்டி, தொப்பி போட்டு, அஞ்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். செருப்பு விடும் இடத்தில் சப்பாத்தோடு காலுறையையும் கழற்றி மடித்து வைத்தார். தேர் அசைந்தது. தவில் அதிர்ந்தது. நாதஸ்வரம் எழுந்ததும் அவர் அஞ்சலாவின் கையை விட்டுவிட்டார். கூட்டத்தை விலக்கி, வாத்தியத்தின் வாய்க்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு விலகும் இடம் அது.

திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

“சிஞோரா, இது எங்கட பாண்ட்! சாமி நடக்குது, வெய்யில் எரிக்குது, பின்னால சாப்பாடு வாசம் வருது. எல்லாம் சரி!”

வீதி சுற்றி முடியும்வரை கூடவே நடந்தார். வாயில் ஏதோ முனகல். கிட்டப் போய்க் கேட்டேன். நாதஸ்வரம் நிற்கும் சுரத்தில் அவரும் நின்றார். என் போனில் சுரம் அளக்கும் செயலி இருக்கிறது, வேலைக்குத் தேவைப்படும். அதை அவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். சரியான சுரத்தில் நின்ற முள் அசையவில்லை.

அங்கேயே நின்றுவிட்டேன். காது கோணலாகக் கேட்டால் வாய் எப்படி நேராகப் பாடும்? அவருக்குச் சத்தம் குறைவாகக் கேட்கலாம். ஆனால் கேட்பது பிழையில்லை. அப்படியென்றால் ஆடு எங்கே இருந்து வந்தது?

தேர் அதன் இருப்பிடமான தேர்முட்டிக்கு வந்தபின் நாதஸ்வரக்காரர் நிழலில் இருந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரே சுரத்தைக் கொஞ்சநேரம் பிடிச்சுக் காட்டுவியளோ?”

“விடியத் தொடங்கி அதைத்தானே தங்கச்சி செய்யிறன்” என்றார். ஆனாலும் எடுத்தார்.

சில்வியோ கண்ணை மூடித் தலையாட்டினார். என் கைப்பையில் இருந்த அவருடைய கருவிகளை எடுத்து இரண்டு காதிலும் மாட்டினேன். சில விநாடிகள் போயிருக்கும்.

“ஆடு!” என்று துள்ளினார். “ஆடு வந்திட்டுது!”

நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டுத் தன் சீவாளியைக் கழற்றிப் பார்த்தார். “என்னவாம் இவர்?”

“உங்களைச் சொல்லேல்லை ஐயா. உங்கட சுரம் தங்கம்.”

விஷயம் இதுதான். காதில் மாட்டும் கருவி சிலவேளை தானாகவே ‘கீ’ என்று விசிலடிக்கும். அதைத் தடுக்க உள்ளே ஒரு காவல்காரன் உண்டு. பேச்சில் நீளமான ஒரே ஓசை வராது, ஆகவே நீட்டி ஒலிக்கும் எதையும் விசில் என்று நினைத்து அவன் பிடித்து ஆட்டுவான். வீட்டில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய உதவி. புல்லாங்குழல் கேட்பவருக்குக் கொடுமை.

இதைச் சொன்னதும் சில்வியோ தேர்முட்டிப் படியில் இருந்துவிட்டார்.

“அப்ப என்ர காது?”

“சுரத்தில ஒரு பிழையும் இல்லை.”

அவருடைய முகம் மலர்ந்தது. உடனேயே வாடியது.

“அப்ப அந்தப் பிள்ளை?”

“சரியாத்தான் வாசிச்சவ.”

அஞ்சலா பக்கத்தில் வந்து நின்று இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு மொழி தெரியாது. ஆனால் கலியாணம் கட்டிய எவருக்கும் விளங்கும் தொனி அது.

மருந்துக்கடை வரிசை

ஹனாவிடம் போக என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். மருந்துக்கடையில் மருந்து வாங்க வந்தவர்போல வரிசையில் நின்றார். முறை வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

கருவியைப் பற்றி, ஆட்டைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். பின்னால் நின்ற ஒருவர் இருமல் மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹனா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏசினது எல்லாருக்கும் முன்னால. மன்னிப்பு மட்டும் மருந்துக்கடையில.”

சில்வியோவுக்கு முகம் வெளிறிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் சொல்வதென்றால் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

“தெரிஞ்சால் இனி ஒருத்தரும் எனக்கு எழுதக் குடுக்கமாட்டினம்.”

“இருக்கலாம்” என்றார் ஹனா. கொஞ்சநேரம் கவுண்டரைத் துடைத்தார். “நான் வந்து வாசிக்கிறன். உங்களுக்காக இல்லை. அந்தக் கடைசிச் சுரம் எனக்குப் பிடிச்சிருக்கு. அதை வேற ஆரும் வாசிக்க விடமாட்டன்.”

அடுத்த சனிக்கிழமை கருவியைச் சரிசெய்ய நான் கூப்பிட்டதால், என் கிளினிக்கில் நோயாளர் இல்லாத நேரம் இருவரும் வந்தார்கள். நான் கணினியோடு, சில்வியோ கதிரையில், ஹனா எங்களுக்கு எதிரே நின்றபடி. முதலில் விசில் காவல்காரனை நிறுத்தினேன். வயலினின் கடைசி இழையை இரைச்சல் என்று எண்ணி வெட்டும் பகுதியையும் நிறுத்தினேன். மெல்லிய ஓசையையும் உரத்த ஓசையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் பகுதியைத் தளர்த்தினேன். காவல்காரன் இல்லாவிட்டால் கருவியே விசிலடிக்கும் என்பதால், காதுக்கு இறுக்கமான அச்சு ஒன்றும் புதிதாகச் செய்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஹனா அந்தச் சுரத்தை வாசித்தார்.

“ஆடு இன்னும் நிக்குது.”

“ஆடு வேலிக்கு அங்கால போயிட்டுது.”

பிறகு ஒருமுறை சில்வியோ கண்ணை மூடிக்கொண்டார். ஹனாவின் மூச்சு முடிந்தது. “இன்னொருக்கா” என்றார் சில்வியோ. ஹனா மறுபடி வாசித்தார். “இன்னொருக்கா.” ஹனா சிரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் ரசிப்பதற்காகக் கேட்கிறார் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது.

பேச்சுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று இரண்டு அமைப்புகளைப் பதிந்து கொடுத்தேன். ஒரு சின்னப் பொத்தானை அமத்தினால் மாறும். அஞ்சலா போனில் சொன்னார்: “இனி நான் குப்பைவாளியைப் பற்றிக் கதைக்கேக்க சங்கீதப் பொத்தானை அமத்துவார், பாருங்கோ.”

மேடையில்

நிகழ்ச்சி ஒரு குளிர்கால ஞாயிறு பிற்பகல், நகரமண்டபத்தில். நனைந்த கோட்டுகளின் வாசனையும் தரை மெழுகின் வாசனையும். சில்வியோ எனக்கும் அஞ்சலாவுக்கும் நடுவில் இருந்தார். சிவம் எனக்கு மறுபக்கம்.

எல்லாருக்கும் முன்னால் அவர் சொல்வாரா மாட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஒத்திகைகளில் ஹனாவை மரியாதையாக நடத்தினார், ஆனால் வாய் திறக்கவில்லை. ஹனாவும் கேட்கவில்லை.

கடைசிப் பகுதி வந்தது. வயலின்கள் ஓய்ந்தன. புல்லாங்குழல் மேலே போய் நின்றது. பாடகர்கள் கீழேயிருந்து மெல்ல வந்தார்கள். எனக்கு இசை தெரியாது என்று எழுதியிருக்கிறேன். ஆனாலும் தோளில் யாரோ இளஞ்சூடான போர்வையைப் போர்த்தியதுபோல இருந்தது. சில்வியோவின் கைகள் மடியில் திறந்தபடி கிடந்தன. சிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கைதட்டல் எழுந்தது. அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். படியேறி, தலை வணங்கி, அப்படியே இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை. ஒரு காதில் இருந்த கருவியைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார். மற்றதையும் கழற்றினார்.

“எனக்குக் காது கேக்காது” என்றார். “வருசக்கணக்கா ஒளிச்சு வைச்சிருந்தன். இந்த மெஷின் பிழையாக் கேட்டதுக்கு நான் இந்த ஹனாவை ஏசினனான், இந்த மேடையில இருக்கிற எல்லாருக்கும் முன்னால. அவ சரியா வாசிச்சவ. நான்தான் ஆடு.”

ஹனா புல்லாங்குழலைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து, அவருடைய தோளைப் பிடித்து, காதுக்குள் ஏதோ சொன்னார்.

“என்ன?” என்று சில்வியோ உரத்துக் கேட்டார். “கழட்டிப்போட்டன், கேக்கேல்லை!”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. ஹனா அழுதுகொண்டே சிரித்தார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “அதை அவருக்கே திருப்பிச் சொல்லேல்லை, உங்களுக்குச் சொல்லுவனோ?” என்றார்.

அதற்குப் பிறகு

அவர் பயந்தது நடக்கவில்லை. அதே குழு அடுத்த வருடத்துக்கும் ஒன்று கேட்டது. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை இரண்டு புல்லாங்குழல்.

நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த வாரமே ஒரு தேவாலய ஓர்கன் வாசிப்பவர் வந்தார். பிறகு பாடகர் குழுவில் தடித்த குரல்காரர். ட்ரம்பெட்காரர் ஒருவர், சும்மா வழியால் போனவர்போல எட்டிப் பார்த்தார். எல்லாரும் ஒளித்து வைத்திருந்தவர்கள்.

செய்தி எங்கள் ஆட்கள் வரைக்கும் போய்விட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து மிருதங்க வித்துவான் ஒருவர் போன் செய்தார். தமிழ் ஆட்கள் யாரும் வராத நேரமாகப் பார்த்துத் தரும்படி கேட்டார். மறுநாள், யாழ்ப்பாணத்துச் சங்கீத மாஸ்டர் ஒருவரும் அதையே கேட்டார். மெல்பேர்ன் மேடைகளில் மாஸ்டர் பாட, வித்துவான் வாசிப்பதுதான் வழக்கம். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கு இது தெரியாது. ஒருவருக்குப் பின் ஒருவராகப் பதிந்துவிட்டாள்.

வித்துவானைப் பரிசோதித்து முடித்துக் கதவைத் திறந்தேன். வெளியே மாஸ்டர், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் பெயரைப் போடாமல் இதை எழுத இருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

“மாஸ்டர், நீங்களுமா?” என்றார் வித்துவான்.

“ஓம். நீங்களுமோ?”

“ஆமா. கொஞ்ச வருஷமா நீங்க சுருதி விலகுறீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

“நான், உங்களுக்குத் தாளம் பிந்துது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

“அடடா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“சொன்னால் மட்டும் கேட்டிருக்குமோ?”

அவர்கள் சிரித்த சத்தத்துக்கு, பக்கத்துக் கோப்பிக் கடைக்காரர் எழும்பி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்.